கீழ் நம்பர் நல்லாத்தானே இருக்கு? ரத்தக் குழாய் விறைப்பின் கதை

(திரையில்: ரத்த அழுத்தக் கருவி, 158/66)

"மேல் நம்பர் மட்டும்தான் கொஞ்சம் கூட. கீழ் நம்பர் நல்லாத்தானே இருக்கு!" பலதுறை மருந்தகத்திலிருந்து திரும்பும் நம் பெரியவர்கள் பலர் நிம்மதியாகச் சொல்லும் பேச்சு இது. கழித்துப் பாருங்கள். இடைவெளி 92. சாதாரணமாக 40 ஒட்டித்தான் இருக்கும். வயதானவர்களுக்கு இப்படி அகன்று போனால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான பெருந்தமனி விறைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

(திரையில்: இதயமும் பெருந்தமனியும்)

இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனி விரிந்து கொடுக்கும். இதயம் தளரும்போது அது சுருங்கி, தேக்கிய ரத்தத்தை முன்னே அனுப்பும். விரிந்து கொடுப்பது எலாஸ்டின் என்ற நார். சிறு வயதில் உருவான அதே எலாஸ்டின்தான் கடைசிவரை. அறுந்தால் ஈடாகப் புதியது வருவது அரிது. அந்த இடத்தில் கொலாஜன் என்ற விறைப்பான நார் ஓங்கும். அப்போது மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும்.

விறைப்பைக் கண்டறிய, கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பதிவு செய்து, துடிப்பலை ஓடும் வேகத்தை அளப்பார்கள். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் விறைப்பு கூடுதல் என்று கொள்கிறார்கள்.

சரி, நார் ஏன் அறுகிறது? வயது ஒரு காரணம். இன்னொன்று, ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்: செல்களைச் சேதப்படுத்தும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உடலில் அளவுக்கு மீறிப் பெருகுவது.

(திரையில்: குழாயின் உட்சுவர், மிக நெருக்கத்தில்)

உட்சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. குழாயைத் தளர்த்துவது அதுதான். இதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998இல் நோபல் பரிசு. புகை, கட்டுக்கு அடங்காத சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் இவற்றில் எது இருந்தாலும் சூப்பர் ஆக்சைடு என்ற அப்படிப்பட்ட மூலக்கூறு செல்லுக்குள் பெருகும். அதை அடக்க உடலிடம் என்சைம் உண்டு. ஆனால் அந்த என்சைமை முந்திக்கொண்டு, சூப்பர் ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்துவிடும். பிறப்பது பெராக்ஸிநைட்ரைட் என்ற, செல்லைச் சேதப்படுத்தும் பொருள்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கொடுமை. நைட்ரிக் ஆக்சைடு தயாரித்த என்சைமே பழுதுபட்டு, சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது! காவலுக்கு நின்றவனே கன்னம் வைக்கிறான். எலாஸ்டினை வெட்டும் என்சைம்களும் முடுக்கிவிடப்படுகின்றன. சர்க்கரை அதிகமுள்ளவர்களுக்குக் கொலாஜன் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன.

விறைத்த குழாயில் ஒவ்வொரு துடிப்பும் பலமாக மோதும். மோதல் செல்களை இழுக்க, இன்னும் சூப்பர் ஆக்சைடு. ஒன்று மற்றதை வளர்க்கிறது. அடி நேராகப் போய்ச் சேர்வது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும்.

"அப்படின்னா ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டா போதும்தானே?" நியாயமான கேள்வி, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பவைதானே அந்த மாத்திரைகள். பிரிட்டனில் மாரடைப்பு ஆபத்து அதிகமுள்ள 20,536 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் கொடுத்துச் சோதித்தார்கள். 2002இல் முடிவு வந்தது: மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆகவே அந்த பாட்டில்களுக்குச் செலவழிக்காதீர்கள் என்றே சொல்வேன்.

சூப்பர் ஆக்சைடு பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும். சிகரெட்டை விடுங்கள். பூங்கா இணைப்புப் பாதையில் மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு வேகமாக நடங்கள். தொடர்ந்து செய்தால் விறைப்பு ஓரளவு குறையும். உப்பைக் குறையுங்கள். பிரஷர் மாத்திரையை, "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

40 வயதாகியும் அரசாங்கத்தின் நோய்த்தடுப்புத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் சேராத சிங்கப்பூரர்கள் சேருங்கள், முதல் ஆலோசனை இலவசம். டாக்டரிடம் இரண்டு எண்ணையும் சொல்லி, இடைவெளியைப் பற்றிக் கேளுங்கள்.