மரக்கழிவில் கரண்ட்: சூட்டை வீணாக்காதீர்கள்

வணக்கம் உறவுகளே. ஏறாவூர்ப் பக்கம் ஒரு மர ஆலையின் பின்வளவில் நிற்கிறேன். இந்தக் குவியலைப் பாருங்கள்: பட்டை, சிராய், மரத்தூள். கொஞ்சம் செங்கல் சூளைக்குப் போகும், கொஞ்சம் வீட்டு அடுப்புக்குப் போகும். மிச்சம் மாரி மழையில் ஊறி உக்கிப்போகிறது.

இதில் கரண்ட் எடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். ஆனால் கரண்டுக்காக மட்டும் இறங்கினால் கட்டுப்படியாகாது. சூடும் தேவைப்படுகிற இடத்தில்தான் மரத்தில் கரண்ட் எடுக்கிற மெஷினை வைக்க வேண்டும். நான் இன்றைக்கு அழுத்திச் சொல்ல வந்தது அதைத்தான்.

மரத்தை நேரே எரித்து, நீராவி எடுத்து, டர்பைனைச் சுற்றுவது பெரிய நிலையங்களுக்குப் பொருந்தும். திருகோணமலையில் ஒரு சிமெந்துத் தொழிற்சாலை 10 மெகாவாட் அளவில் அப்படி அமைத்திருக்கிறது. சின்ன ஆலைக்கு வேறு வழி. உயரமான இரும்பு உருளையில் மரத்துண்டுகளை நிரப்பி, காற்றைக் குறைத்துக் கொடுப்பார்கள். உள்ளே 1000 பாகைக்குக் கிட்டச் சூடு ஏறும். மரம் முழுதாக எரியாமல் வாயுவாகிவிடும். அந்த வாயுவில் எரியக்கூடியவை முக்கியமாகக் காபன் மொனொக்சைட்டும் ஐதரசனும். பாதிக்குக் கிட்ட வெறும் நைதரசன். அந்த வாயுவைக் குளிராக்கி, வடிகட்டி, எஞ்சினுக்குக் கொடுத்தால் ஜெனரேட்டர் சுற்றும். இரண்டாம் உலக யுத்தத்தில் பெற்றோல் இல்லாத ஐரோப்பாவில் ஏராளமான லொறிகளும் பஸ்களும் இந்த வாயுவில் ஓடின.

சரி, கணக்கைப் பார்ப்போம். நன்றாகக் காய்ந்த மரம் ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு யூனிட் கரண்ட் வரும். மரத்தில் இருக்கிற சக்தியில் அது நாலில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி எஞ்சினைக் குளிராக்கும் தண்ணீரிலும் புகைக்குழாயிலும் போய்விடும். அந்தச் சூட்டையும் பிடித்தால் 70, 80 வீதம் வரை பயன் எடுக்கலாம்.

அந்தச் சூட்டுக்கு நம்மிடம் வேலை இருக்கிறது. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் அவிக்கிற ஆலைகளை நினைத்துப் பாருங்கள். நெல்லைச் சுடுதண்ணீரில் ஊறவைக்க 60, 70 பாகை போதும். எஞ்சினிலிருந்து வருகிற தண்ணீர் 80 பாகையைத் தாண்டி இருக்கும். மர ஆலைக்காரருக்கு இன்னும் பொருத்தம். அறுத்த பலகையை மாரியில் வெயிலை நம்பிக் காயவைக்க முடியாது. ஒரு அறைக்குள் இந்தச் சூட்டால் சூடாக்கிய காற்றை விட்டால் பலகையும் காயும், அடுத்த நாள் போடுகிற மரத்துண்டும் காயும். அந்த இரண்டாவது காரியம் மிக முக்கியம். துண்டில் 20 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் உருளைக்குள் சூடு இறங்கும், வாயுவில் தார் கூடும். தார் போய் வால்வில் ஒட்டினால் எஞ்சின் நின்றுவிடும். இந்த மெஷின்கள் பல ஊர்களில் கைவிடப்பட்டதற்குத் தார்தான் பெரிய காரணம்.

மரத்தூளை அப்படியே கொட்டவும் கூடாது. இறுகிப்போய்க் காற்றை அடைத்துவிடும். கட்டியாக அழுத்தித்தான் போட வேண்டும், அல்லது விரல் நீளச் சிராயாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று, கழிவு போதாவிட்டால் காட்டில் கை வைக்கக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. வேலியில் நடுகிற கிளிசரியா மரம் இருக்கிறதே, அதைப் போடலாம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் 2005இல் அறிவித்ததும் அதைத்தான்.

செய்ய நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். நாலு பக்கமும் திறந்த கொட்டிலில் மட்டும் மெஷினை வையுங்கள், வாயுவைக் காட்டித்தரும் கருவியை முதல் நாளே மாட்டுங்கள். ஆலை வைத்திருக்கிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கழிவு விழுகிறது, சூடு எந்த வேலைக்கு வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் உங்கள் ஆலைக்கே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.