மெடீயாவின் கதவு

நேயர்களுக்கு வணக்கம்.

மெடீயா என்ற பழைய கிரேக்க நாடகத்தை மேடையேற்றப் போகிறோம் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கதவை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

கணவன் ஜேசனுக்காகத் தகப்பனையும் பிறந்த மண்ணையும் உதறிவிட்டு வந்தவள் மெடீயா. கொரிந்து நகரில் அவன் அவளைக் கைவிட்டு அரசன் மகளைக் கட்டிக்கொள்கிறான். அரசனோ அவளையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரைவிட்டே போகச் சொல்கிறான். அவள் பழிவாங்குகிறாள், பெற்ற பிள்ளைகளையும் கொன்று.

கி.மு. 431-இல் ஏதென்ஸ் நகரத்து டயோனிசஸ் என்ற தெய்வத்தின் விழாவில், நாடகத்தை எழுதிய யூரிப்பிடிஸ் இதை அரங்கேற்றினார். போட்டியில் மூன்றாவது இடம், அதாவது கடைசி இடம்தான் கிடைத்தது. முகமூடி அணிந்த ஆண்களே பெண் வேடமும் கட்டினார்கள். பின்னால் ஒரு வீடு, அதற்கு ஒரு கதவு.

மெடீயாவின் குரல் முதலில் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது. ஆளைக் காணோம், செத்துப்போனால் தேவலையே என்ற புலம்பல் மட்டும் கேட்கிறது. பிள்ளைகளை உள்ளே அனுப்பும் செவிலி, அம்மா கண்ணில் படாதீர்கள் என்கிறாள். அப்புறம் வெளியே வருகிறவள், அழுதது இவள்தானா என்று நினைக்கும்படி நிதானமாகப் பேசுகிறாள். ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை போர்க்களத்தில் நிற்பேன் என்கிறாள்.

பிள்ளைகள் மேடைக்கு வருகிறார்கள், போகிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. புதுப்பெண்ணுக்கு விஷம் தோய்ந்த ஆடையையும் பொன் முடியையும் ஏந்திப் போவதும் அவர்கள்தான். அவர்கள் குரல் ஒரே ஓர் இடத்தில் கேட்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. அம்மா கையிலிருந்து எப்படித் தப்புவேன் என்று உள்ளே அலறல். வெளியே கொரிந்துப் பெண்கள் 15 பேர் கொண்ட பாடகர் குழு. உள்ளே போகலாமா என்கிறார்கள். வாருங்கள், காப்பாற்றுங்கள் என்று பதில் வருகிறது. யாரும் போவதில்லை.

சில இயக்குநர்கள் கொலையை மேடையிலேயே காட்டிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கண்ணெதிரே நடந்தால் இது நடிப்பு என்று மனம் ஆறிவிடும். சாத்திய கதவைப் பார்த்தபடி இருந்தால் அந்த 15 பேரோடு நாமும் நிற்கிறோம்.

ஜேசன் ஓடி வந்து தாழைத் திறக்கச் சொல்கிறான். எல்லார் கண்ணும் கதவில். மெடீயாவோ கூரைக்கு மேலே, பாட்டன் சூரியன் கொடுத்த தேரில், இரண்டு உடல்களோடு தோன்றுகிறாள். பிள்ளைகளை ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன் என்று அவன் கீழேயிருந்து கெஞ்சுகிறான். முடியாது என்கிறாள். கிரேக்க அரங்கில் இப்படித் தூக்கி நிறுத்த மரப்பொறி இருந்தது. உங்களிடம் ஏணிதான் இருக்கிறதா, சரி, ஏணியே போதும். அவன் கைக்கு எட்டாத உயரம் இருக்கட்டும்.

வணக்கம்.