கையில் நான்கு நிமிடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று வண்டியை அணைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, சத்தமே இல்லாமல் வண்டி தானாக ஓடும். தயவுசெய்து செய்யாதீர்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆனால் சின்ன விமானத்தில் என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு, விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற நான் அந்த வண்டியைத்தான் காட்டுவேன். விமானம் கல் மாதிரி விழாது. சரிவில் உருளுகிற வண்டி மாதிரி இறங்கும்.

செஸ்னா 172 என்று நான்கு பேர் உட்காரும் விமானம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடித்தால், ஆயிரம் அடி இறங்குவதற்குள் இரண்டரை கிலோமீட்டருக்குமேல் முன்னே போய்விடும். மூவாயிரம் அடி உயரத்தில் என்ஜின் நின்றால் கையில் ஏறத்தாழ நான்கு நிமிடம். ஒரு பாட்டு முடிகிற நேரம். அதற்குள் வயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும், பெட்ரோல் வருகிறதா என்று சோதிக்க வேண்டும், ரேடியோவில் "மேடே" என்று ஆபத்து அழைப்பு சொல்ல வேண்டும்.

இதைப் பழகாமல் முடியாது. பழகும்போது என்ஜினை அணைப்பதில்லை. த்ராட்டிலை, அதாவது விமானத்து ஆக்ஸிலரேட்டரை மட்டும் பின்னுக்கு இழுத்து, என்ஜின் நின்றுவிட்டதாகப் பாவனை செய்வோம். பெட்ரோலை அடைக்க மாட்டோம், சாவியைத் தொட மாட்டோம். பாவனை பாவனையாகவே இருக்க வேண்டும். என் கவலை எப்போதும் இதில்தான்.

ஒரு ஐப்பசி மாதம், மழை விட்ட காலை. ஓமலூர்ப் பக்கம் ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். த்ராட்டிலை இழுத்தேன். அழகாக வயலைப் பிடித்தான், அழகாக வளைந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தரையிலிருந்து 500 அடியில் "போதும், ஏறு" என்றேன். தள்ளினான். என்ஜின் பழைய ஸ்கூட்டர் மாதிரி இருமியது. ஏறவில்லை.

பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரில் ஐஸ்! சேலத்து வெயிலில் ஐஸா என்று சிரிக்காதீர்கள். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கார்புரேட்டரிலும் பெட்ரோல் ஆவியாகிறது. த்ராட்டிலை மூடினால் அந்த இடுக்கில் காற்றழுத்தமும் குறைந்து இன்னும் குளிரும். ஈரக்காற்றாக இருந்தால் வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே பனி கட்டும். அதற்காகவே சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் இருக்கிறது. த்ராட்டிலை இழுக்கும் முன் அதை இழுக்க வேண்டும். நான் இழுக்கவில்லை. தப்பு பையனுடையது அல்ல, என்னுடையது.

உடனே இழுத்தேன். உருகிய தண்ணீரை விழுங்கியதும் என்ஜின் இன்னும் மோசமாக உலுக்கியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அதற்குள் 200 அடி போய்விட்டது. கீழே கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சேலை நிறம்கூடத் தெரிந்தது எனக்கு.

அன்றிலிருந்து, முதலில் சூடு, அப்புறம் த்ராட்டில். இறங்கும்போது 500 அடிக்கு ஒருமுறை த்ராட்டிலைச் சற்றே திறந்து என்ஜின் உயிரோடிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வேன். எந்த உயரத்தில் பாவனையை விட்டுவிட்டு ஏறுவது என்பதைத் தொடங்கும் முன்பே வாயால் சொல்லிவிட வேண்டும். வயல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, சொன்ன உயரம் வந்தால் ஏற வேண்டும்.

உயரம் என்றதும் இன்னொன்று. விமானத்து உயரமானி கடல் மட்டத்திலிருந்து கணக்குச் சொல்லும். நம் சேலம் விமான நிலையத்துக் காமலாபுரம் ஓடுதளமே சுமார் ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. முள் இரண்டாயிரம் காட்டினால் காலுக்குக் கீழே ஆயிரம்தான். ஏற்காடு கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி, அங்கே இந்தக் கழித்தல் கணக்கில் தவறினால் கதை முடிந்தது. சேர்வராயன் மலைமேல் இந்த என்ஜின் பாவனையைப் பழகவே கூடாது என்பேன். காப்பித் தோட்டம், சில்வர் ஓக், சரிவு. இறங்க இடம் எங்கே?

சமவெளியிலும் மின்கம்பி இருக்கிறது. கம்பியைத் தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம்தானாம். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் இறக்கலாமா என்று பையன்கள் கேட்பார்கள், அதை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். சுருக்கமாக, வேறு இடம் இருந்தால் வேண்டாம். அசையாத தண்ணீரில் உயரம் பிடிபடாது, சக்கரம் தண்ணீரில் மாட்டினால் விமானம் கவிழ்ந்துவிடும். அப்புறம் கதவு. நிஜமாக இறங்கும்போது முன்கூட்டியே சற்றுத் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் விமானத்தின் உடல் நெளிந்து கதவு சிக்கிக்கொள்ளும். பழகும்போது கைப்பிடியைத் தொட்டு "கதவு" என்று வாயால் சொன்னால் போதும், திறக்க வேண்டாம். சரி, சிவப்பு விளக்கைப் பார்க்கிறேன். வணக்கம்.