பூச்சி தின்னும் செடிக்கு மண் புளிப்பாக இருக்கிறதா?

(காட்சி: ஜன்னலோரம் சிறு தொட்டி. இலை மயிர்களின் நுனியில் மின்னும் துளிகள்.)

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். இந்தத் தொட்டியில் இருப்பது ட்ரோசெரா கேப்பென்சிஸ் என்ற பூச்சி தின்னும் செடி. நம் நாட்டுச் செடிதான். வெஸ்டர்ன் கேப் பக்கம் ஈரமான இடங்களில் தானாக முளைக்கிறது. பனித்துளி மாதிரி தெரிவது பிசின். கொசு வந்து ஒட்டினால் மயிர்கள் மெல்ல வளைந்து அமுக்கும், அப்புறம் இலையே சுருண்டுகொள்ளும்.

கேப் மலைகளின் மணற்பாறை தேய்ந்து உண்டான மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவு, புளிப்பு அதிகம். வேருக்குக் கிடைக்காததை இலை பிடித்துத் தின்கிறது. அப்படிப் பழகிய வேரைக் கீரைப்பாத்தி மண்ணில் வைத்தால் தாங்காது. மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண்தான் பிஎச். அது 4-க்கும் 5-க்கும் நடுவே இருந்தால் நல்லது. நடுநிலை 7. ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும், இரண்டு இறங்கினால் 100 மடங்கு. அதனால் 6 என்பது 4-க்குப் பக்கம் என்று நினைக்காதீர்கள்.

என் முதல் செடி செத்தது மணலால். கடற்கரை மணலை உப்புப் போக மூன்று தடவை அலசித்தான் போட்டேன். பிசின் துளிகள் ஒவ்வொன்றாக வற்றின, இலைகள் கறுத்தன. உப்பு போனது, கிளிஞ்சல் தூள் போகவில்லை. கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்புதானே!

(காட்சி: தட்டில் ஒரு ஸ்பூன் கடல் மணல். மேலே வெள்ளை வினிகர்.)

பாருங்கள், நுரைக்கிறது. காதைக் கிட்டே கொண்டுபோனால் சோடா திறந்த மாதிரி ஒரு சீறல். சுண்ணாம்பு வினிகரில் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. நுரைக்கும் மணல் இந்தச் செடிக்கு ஆகாது. நீச்சல் குள ஃபில்டருக்கு விற்கும் சிலிக்கா மணலில் இதே வினிகரை விடுகிறேன். ஒன்றும் இல்லை. இதைத்தான் பீட் மாஸோடு, அதாவது சதுப்பு நிலத்தில் மட்கிய பாசியோடு, கலக்க வேண்டும்.

சரி, இப்போது அளப்போம். கலவை ஒரு கப், டிஸ்டில்ட் வாட்டர் இரண்டு கப். காய்ந்த பீட் முதலில் மிதக்கும், நனையும் வரை கிளறுங்கள். அரை மணி நேரம் விடுங்கள். அதற்குள் பிஎச் மீட்டரை 4, 7 ஆகிய இரண்டு பஃபர் கரைசல்களிலும் (பிஎச் முன்கூட்டியே தெரிந்த திரவங்கள்) வைத்துச் சரிபார்த்துவிடலாம். இதைத் தவிர்த்தால் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. மண்ணில் குத்தும் மலிவுக் கம்பி மீட்டரை நான் நம்புவதில்லை, பொலபொலப்பான பீட்டில் அது சரியாகத் தொடுவதே இல்லை.

சாமிக்குப் பறிக்கும் செம்பருத்தியும் உதவும். இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான சோதனை. ஆனால் 4-ஆ 5-ஆ என்று அது சொல்லாது.

எண் கூடுதலாக வந்தால் மண்ணில் வினிகர் ஊற்றாதீர்கள். வினிகரை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், மிச்சச் சுண்ணாம்பு அப்படியே இருக்கும். கலவையை மாற்றுவதுதான் வழி. குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதில் கரைந்த உப்புகள் தொட்டியிலேயே தங்கிச் சேரும். டர்பனில் கோடையில்தான் நல்ல மழை. ஜோஜோ டேங்கில் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) அப்போதே பிடித்து வையுங்கள்.

(காட்சி: மீட்டர் திரை. 4.4.)

இது இன்று காலை, இதே தொட்டியில் எடுத்த அளவு. நடுவில் புது இலை ஒன்று சுருள் பிரிகிறது, நுனியில் துளி இப்போதே நிற்கிறது.