இரண்டு பக்கமும் இடி வாங்கிய மத்தளம்: கிளார்க் கெர்

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு ஒரு கல்லூரி நிர்வாகியின் கதை. ஃபைல், சர்க்குலர் என்று போரடிக்கும் என நினைத்து ஸ்கிப் செய்துவிடாதீர்கள். ஆளின் பெயர் கிளார்க் கெர். கிளார்க் என்பது பெயர்தான், உத்தியோகம் இல்லை!

1911-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். படித்தது பொருளாதாரம். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் உட்கார்ந்து தகராறு தீர்த்து வைப்பதில் கெட்டிக்காரர். இந்த 'நடுவில்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1949-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லோரும் 'நான் கம்யூனிஸ்ட் இல்லை' என்று உறுதிமொழி தரவேண்டும் என்றது ஆட்சிக்குழு. கெர் கையெழுத்துப் போட்டார். ஆனால் போட மறுத்தவர்களை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று வாதாடினார். ஆசிரியர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான். 1952-இல் அதன் பெர்க்லி வளாகத்தின் முதல் சான்சலர் (வளாகத் தலைவர்), 1958-இல் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் தலைவர்.

அவருடைய பெரிய வேலை, யாருக்கு எந்தக் கல்லூரி என்று வகுத்து 1960-இல் வந்த கலிபோர்னியாவின் உயர்கல்வி மாஸ்டர் பிளான். பள்ளியில் முதல் 12.5 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தால் மாநிலக் கல்லூரி, மற்ற யாராக இருந்தாலும் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரி. அங்கே நன்றாகப் படித்தால் பல்கலைக்கழகத்துக்கே மாறிக்கொள்ளலாம். எனக்கு இதில் பிடித்ததே அந்தப் பின்வாசல்தான். பள்ளி மதிப்பெண்ணோடு ஒருவரின் கதை முடிந்துவிடவில்லை, பாருங்கள்.

அப்புறம் 1964. வளாக வாசலில் மாணவர்கள் மேசை போட்டு அரசியல் பேசக்கூடாது என்று பெர்க்லி நிர்வாகம் தடை போட்டது. அப்போது கெர் வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்தவருக்கு அது தவறு என்று தெரிந்தது. ஆனாலும் உடனே ரத்து செய்யவில்லை. என்னைக் கேட்டால், அவர் சறுக்கிய இடம் இதுதான். மத்தியஸ்தர் புத்தி, பேசித் தீர்க்கலாம் என்று காத்திருந்தார். டிசம்பரில் நிர்வாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராடிய சுமார் 800 பேர் கைதானார்கள்.

மாணவர்களுக்கு அவர் இரக்கமில்லாத அதிகாரி. வலதுசாரிகளுக்கோ மாணவர்களை அடக்கத் தெரியாத கோழை. பெர்க்லியைச் சரிசெய்வேன் என்று பிரசாரம் செய்து கவர்னரான ரொனால்ட் ரீகன், 1967 ஜனவரி 2-ஆம் தேதி பதவியேற்றார். 20-ஆம் தேதி ஆட்சிக்குழு கெரை நீக்கிவிட்டது.

மனுஷன் அதற்கும் ஒரு ஜோக் அடித்தார். 'ஃபயர்ட்' என்றால் உற்சாகம் பற்றிக்கொண்டது என்றும் பொருள், வேலையை விட்டுத் தூக்கியது என்றும் பொருள். 'வந்தபோதும் ஃபயர்ட் வித் என்தூசியாசம், போகும்போதும் அப்படியே' என்றாராம்!

இன்னொன்று. ஜனாதிபதி ஜான்சன் இவரை அமைச்சராக்க யோசித்திருக்கிறார். பின்னணி விசாரணை செய்த அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, பொய் என்று தனக்கே தெரிந்த குற்றச்சாட்டுகளையும் அறிக்கையில் சேர்த்து அனுப்பியது. இந்தச் சங்கதி செய்தித்தாளில் வந்தது 2002-இல். கெருக்கு அப்போது 91 வயது. அடுத்த ஆண்டு இறந்துபோனார்.