உத்திரமேரூர் குடவோலை: வாக்கெடுப்பா, குலுக்கலா?

[திரையில்: வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். கேமரா மெல்ல எழுத்துகளை நெருங்குகிறது.]

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு முறை எழுதப்பட்டிருக்கிறது: பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் இட்டு எடுத்து, ஊர்க் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை. அதைச் சொல்லும் இரண்டு கல்வெட்டுகளைத்தான் இந்த வீடியோவில் வரி வரியாகப் பார்க்கப் போகிறோம். இரண்டும் "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்று பெயர் சொல்லும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. முதலாவது அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. அடுத்தது 14ஆம் ஆட்சியாண்டு, 921.

பள்ளிப் பாடம், டி.என்.பி.எஸ்.சி. என்று எல்லா இடத்திலும் வரும் தலைப்பு இது. ஆனால் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப ஒரே தவறு வருகிறது: "மக்கள் ரகசிய வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர்." இதில் "மக்கள்", "ரகசியம்", "வாக்கு" மூன்றுமே கல்வெட்டில் கிடையாது. ஏன் என்பது ஓலை குடத்துக்குள் போய் வெளியே வரும் வழியைப் பார்த்தால் தெளிவாகும்.

[திரையில்: ஊரின் கோட்டுப் படம். 30 கட்டங்கள்.]

ஊரின் அப்போதைய பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேய ஊர். அதன் சபைக்கு மகாசபை என்று பெயர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்றால் குடும்பம் இல்லை. இன்றைய வார்டு போன்ற பிரிவு. இது தவிர 12 சேரிகளும் உண்டு. சேரி என்றதும் இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கல்வெட்டில் சேரி என்பது அந்தச் சபையார் குடியிருந்த தெருப் பகுதி.

ஒவ்வொரு குடும்பிலும் அந்தந்தக் குடும்பார் கூடித் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுத வேண்டும். பெயர் ஓலைக்கு வருவதற்கே பல நிபந்தனைகள் இருக்கின்றன.

"காநிலத்துக்கு மேல்" இறைநிலம் இருக்க வேண்டும். அதாவது கால் வேலிக்கு மேல், வரி கட்டும் நிலம். தஞ்சைப் பக்கம் இன்றும் சொல்லும் வேலி 20 மா, ஏறத்தாழ 6.6 ஏக்கர். அந்தக் கணக்கில் கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். மந்திரப் பிராமணம் என்ற வேத நூலை ஓதி, பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நிலம் குறைவாக இருந்தால் ஒரு சலுகை உண்டு: அரைக்கால் நிலம்தான், அதாவது வேலியில் எட்டில் ஒன்றுதான் என்றாலும், ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் (உரை நூல்களில்) ஒன்றும் விளக்கிச் சொல்லத் தெரிந்தால் பெயரை எழுதலாம்.

வயதில் ஒரு சிக்கல். சில புத்தகங்களில் 30 முதல் 60 என்று இருக்கும், சிலவற்றில் 35 முதல் 70. இரண்டும் அச்சுப் பிழை இல்லை. 919 ஆணையில் 30–60. 921இல் திருத்தியபோது 35–70. தேர்வில் எந்த ஆண்டு என்று சேர்த்து எழுதிவிட்டால் குழப்பமே வராது.

[திரையில்: உறவுமுறைப் படம், ஒவ்வொரு பெயராகச் சிவப்பு நிறமாகிறது.]

இனி யார் பெயரை எழுதவே கூடாது என்பது. என்னைக் கேட்டால் இந்தக் கல்வெட்டின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். வகுப்பில் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதியும் இதுவே.

கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் வராது. வாரியம் என்றால் ஊர் வேலையைப் பார்க்கும் குழு. அடுத்து, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர். இவரோடு நின்றுவிடவில்லை. சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவர், தகப்பனுடன் பிறந்தவர், உடன்பிறந்தவர், பெண் கொடுத்த மாமனார், மனைவியுடன் பிறந்தவர், சகோதரியை மணந்தவர், சகோதரியின் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறையை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர்கள் பெயரும் ஓலையில் ஏறக் கூடாது என்கிறது. தான் போக முடியாவிட்டால் மைத்துனனை அனுப்பலாம், மருமகனை நிறுத்தலாம் என்று யாராவது நினைத்தால், அந்த வழியெல்லாம் முன்பே அடைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு நீளமாக எழுதியிருப்பதைப் பார்த்தால், அப்படி நடந்து பார்த்துப் பட்ட ஊர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறர் பொருளைத் திருடியவருக்கும், பெரும்பாவங்கள் என்று அவர்கள் வகுத்தவற்றைச் செய்தவருக்கும் இடமில்லை. விலக்கிய உணவை உண்டவர் பிராயச்சித்தம் செய்து சுத்தமானாலும் உயிருள்ளவரை வாரியத்துக்கு வர முடியாது. பொய்யாவணம், அதாவது போலிப் பத்திரம் எழுதியவரையும், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவரையும் தனியாகக் குறிப்பிட்டு விலக்குகிறார்கள்.

[திரையில்: இரண்டு மண்குடங்கள். பக்கத்தில் ஓலைக் கட்டுகள்.]

இப்போது குடத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையை மேலே பூட்டுகிறார்கள். 30 குடும்புக்கு 30 கட்டு. அத்தனையும் ஒரே குடத்தில் போகின்றன. அன்றைக்குச் சிறியவர் பெரியவர் அடங்க மகாசபை முழுதும் கூட வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் சபை நடுவே உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் குடத்திலிருந்து ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டின் ஓலைகளை இரண்டாவது குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து அதே சிறுவன் ஒரே ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் என்பவர் சபையின் நடவடிக்கைகளை எழுதும் ஊர் அலுவலர்.

இரண்டு குடம் எதற்கு? எல்லா ஓலையையும் ஒரே குடத்தில் கொட்டி 30 எடுத்தால், ஒரு குடும்பிலிருந்து நான்கு பேர் வரலாம், இன்னொன்றிலிருந்து யாருமே வராமல் போகலாம். கட்டாகக் கட்டி எடுத்தால் குடும்புக்கு ஒருவர் நிச்சயம்.

[திரையில்: விரித்த உள்ளங்கை, அதன்மேல் ஓர் ஓலை. மிக அருகில்.]

மத்தியஸ்தன் அந்த ஓலையை எப்படி வாங்க வேண்டும் என்பதையும் கல்வெட்டு விடவில்லை: "அஞ்சு விரலும் அகல வைத்து", உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஏன் இப்படி? பெயர் எழுதும் ஓலை நறுக்கு சிறியது. சுருட்டினால் இரண்டு விரலுக்கு நடுவில் அடங்கிவிடும். மூடிய கையில் முன்பே ஒன்றை ஒளித்து வைத்திருந்தால், சிறுவன் கொடுத்ததை மறைத்து அதைக் காட்டிவிடலாம். விரலை விரித்துவிட்டால் ஒளிக்க இடமே இல்லை.

வாங்கியவர் உரக்க வாசிக்கிறார். பிறகு மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்கிறார்கள். ஒருவர் தவறாக வாசித்தால் அடுத்தவர் கண்ணில் பட்டுவிடும். அதன் பிறகே பெயர் உறுதியாகிறது. 30 குடும்புக்கும் இப்படியே.

ரகசியம் எங்கே இருக்கிறது? சபை முழுதும் பார்க்க நடக்கிறது. வாக்கு எங்கே? தகுதியுள்ளவர்களில் "இவரை விட இவர்" என்று யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. சிறுவனின் கைக்கு எது அகப்பட்டதோ அது. ஆகவே குடவோலை என்பது குலுக்கல் முறை. செல்வாக்குள்ளவர் ஆள் சேர்த்து ஜெயிக்க முடியாது என்பதே அதன் பலம். திறமைசாலியை வேண்டுமென்று தேர்ந்தெடுக்க முடியாது என்பது அதன் குறை. அந்தக் குறையைச் சமாளிக்கத்தான் ஓலைக்கு முன்னால் அத்தனை நிபந்தனைகள்.

ஓலையைக் குடத்தில் இடும் பழக்கம் சோழருக்கு முந்தியது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்தை, முத்திரையைப் பார்த்து உடைத்து, ஓலையை எடுக்கும் அலுவலர் வருகிறார்கள். போர்க்களத்தில் கழுகு குடலை இழுப்பதற்கு அது உவமை. கேட்பவர்க்குப் பழகிய காட்சியாக இல்லாவிட்டால் உவமையாகச் சொல்லியிருக்க முடியாது.

[திரையில்: 30 = 12 + 12 + 6]

கிடைத்த 30 பேரில், முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் என்று பார்த்து 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். மீதியில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன்னின் மாற்றை, அதாவது தரத்தைக் கவனிக்கும் பொன் வாரியத்துக்கு 6 பேர், பஞ்சவார வாரியத்துக்கு 6 பேர், இவர்களுக்கும் குடவோலைதான். பஞ்சவாரம் வரி தொடர்பானது என்பது பரவலான கருத்து. பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் செய்ததாகத் தெரிந்தால் அப்போதே நீக்கம்.

கணக்கருக்குத் தனி விதி. எழுதிய கணக்கை அவரே கொண்டுவந்து காட்ட வேண்டும். கணக்கை முடிக்க வேறு கணக்கரை உள்ளே விடக் கூடாது. காட்டி, நேர்மையானவர் என்று ஆன பிறகே அவருக்கு மறுபடி அந்த வேலை. பொறுப்பைக் கைமாற்றி ஓட்டையை மறைக்கும் தந்திரம் அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

இன்றைய சட்டத்தோடு ஒப்பிட இரண்டு இடங்கள் உண்டு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தேர்தல் செலவுக் கணக்கை உரியபடி தாக்கல் செய்யாதவரைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டு தகுதி நீக்கம் செய்யலாம். உறவினரை அது தொடுவதில்லை. அதே சட்டத்தில், இருவருக்கும் சமமான வாக்கு விழுந்தால் முடிவு குலுக்கலில்தான்.

இந்த முறையை "உலகின் முதல் ஜனநாயகம்" என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பெருமைப்பட இந்தக் கல்வெட்டில் நிறையவே இருக்கிறது. ஆனால் யாருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே முடியாது என்றும் பார்க்க வேண்டும். பெண்கள் இல்லை. பிராமணர் அல்லாதவர் யாரும் இல்லை. பிராமணரிலும் நிலமோ வீடோ இல்லாதவர் இல்லை. வயலில் இறங்கி உழுதவர்களும் ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்களும் இல்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களைச் சொல்லும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு கம்மாணச்சேரி (கம்மாளர் குடியிருப்பு), பறைச்சேரி (பறையர் குடியிருப்பு) என்று வரிசைப்படுத்துகின்றன. சோழ நாட்டு ஊர்களில் அவர்களும் வாழ்ந்தார்கள் என்பதற்கு அரசாங்கமே வெட்டிவைத்த சாட்சி அது. வேளாண் ஊர்களுக்கு "ஊர்" என்ற அவையும் வணிகருக்கு "நகரம்" என்ற அவையும் இருந்தன. அவையும் குடவோலையில்தான் நடந்தன என்று உத்திரமேரூரை வைத்து எழுதிவிடக் கூடாது.

அரசனின் கை இதில் இல்லை என்பதும் தவறு. 919இல் தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி அரசாணையோடு வந்து உடன் இருந்தான். 921இல் வந்தவர் ஸ்ரீவங்கநகரைச் சேர்ந்த சோமாசிப் பெருமாள். தீர்மானம் சபையுடையது, ஆனால் அரசன் ஆள் அனுப்பிய பிறகு போட்ட தீர்மானம். இரண்டே ஆண்டில் திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது. காரணத்தையும் சொல்லியிருக்கிறார்கள்: தங்கள் ஊரில் துஷ்டர் (தீயவர்) கெட்டு, விசிஷ்டர் (மேன்மக்கள்) வாழ வேண்டும் என்று.

[திரையில்: கல்வெட்டின் கடைசி வரி]

சபையார் பணிக்க இந்த விதிகளை எழுதியவர் தம் பெயரையும் கடைசியில் வைத்திருக்கிறார்: காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன். அந்த ஊரின் மத்தியஸ்தன். ஐந்து விரலையும் விரித்து ஓலையை வாங்க வேண்டும் என்ற விதி யாருக்கானதோ, அதே பதவியில் இருந்தவர்.