பரணில் கிடக்கும் கல்யாணக் கேசட்

நடுவர் அவர்களே, வணக்கம். 'பழைய வீட்டு வீடியோக்களைக் காக்க கேசட்டே போதுமா, டிஸ்க்கில் மாற்ற வேண்டுமா' என்பது தலைப்பு. மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கையோடு ஒரு கேசட்டைக் கொண்டு வந்து தூக்கிக் காட்டினார். "முப்பது வருஷமா பரண்ல இருக்கு, ஒரு கீறல் இல்லை" என்றார், நீங்களும் கை தட்டினீர்கள். அண்ணே, கடைசியாக அதை எப்போது ஓட்டிப் பார்த்தீர்கள்? வீட்டில் கேசட் ஓட்டுகிற டெக், அதுதான் வி.சி.ஆர்., இருக்கிறதா? அதைச் சொல்லாமலே போய் உட்கார்ந்துவிட்டீர்களே!

கீறல் வெளியே இருக்காது. மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட்டுக்குள் அரை அங்குல அகலத்தில் சுமார் 258 மீட்டர் நாடா சுற்றியிருக்கிறது. பாலியஸ்டர் நாடாவின் மேல் காந்தப் பொடியை ஒரு பசையால் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சும், இளகும், பிசுபிசுக்கும். எங்கள் ஊர் தூத்துக்குடி, கடல் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். 1992இல் நடந்த மாமா கல்யாணக் கேசட்டை ஒருநாள் எடுத்துப் பார்த்தால், கண்ணாடி வழியே தெரிகிற சுருளில் திருநீறு பூசின மாதிரி வெள்ளையாக இருந்தது. அத்தனையும் பூஞ்சை.

அப்படியே பழைய டெக்கில் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். உள்ளே நாடாவைப் படிக்கிற ஹெட் டிரம் என்கிற உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது, பூஞ்சை அதில் ஒட்டி அடுத்து போடுகிற கேசட்டுக்கும் போய்ச் சேரும். 'அப்பப்போ ஓட்டிப் பார்த்தாலே போதும்' என்று எதிரணியில் ஒருவர் வைத்தியம் சொன்னார் பாருங்கள், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சரி, ஓட்டுவதற்கு டெக்குக்கு எங்கே போவது? கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது, உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. செய்தவனுக்கே கிடைக்காத பாகம் நம் தெருமுனைக் கடையில் கிடைக்குமா?

அடுத்து பேசிய தங்கச்சி கொஞ்சம் விவரமானவர். டிஸ்க்கும் கெட்டுப்போகும், புது லேப்டாப்பில் டிஸ்க் போடவே இடமில்லை, சோனி நிறுவனமே எழுதும் புளூரே டிஸ்க் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது என்றார். அத்தனையும் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். நாம் எழுதுகிற டி.வி.டி.யில் இருப்பது ஒரு சாயப் பூச்சு, வெயிலும் சூடும் பட்டால் போய்விடும். ஆனால் தங்கச்சி ஒன்றை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் சம்பந்தி வீட்டுக்கென்று கேசட்டிலிருந்து கேசட்டுக்குக் காப்பி எடுத்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு காப்பிக்கே மணப்பெண் முகம் மங்கிவிடும், இரண்டாவது காப்பியில் யார் பெண், யார் தோழி என்றே தெரியாது. டிஸ்க்கில் இருப்பது எண்கள். அது கெடுவதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினாலும், அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது. அக்கா வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று என்று கொடுத்து வைக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் நின்ற சென்னை வீட்டுக்காரர்களைக் கேளுங்கள், ஒரே வீட்டில் ஒரே பிரதி என்றால் என்னவென்று சொல்வார்கள்.

வேலை சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரமும் ஓட்டித்தான் ஆக வேண்டும். 4.7 ஜி.பி. டிஸ்க் ஒன்றிலேயே அத்தனையையும் திணித்துக் கொடுக்கிற கடைக்காரர்கள் உண்டு, படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிஸ்க்காகக் கேட்டு வாங்குங்கள். மாற்றியதும் கேசட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

எங்கள் கேசட்டைச் சுத்தம் செய்துதான் ஓட்டினார்கள். சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் நாடா கசங்கிக் கோடு கோடாக ஓடியது, மாமாவுக்கு அதில் இன்னும் வருத்தம். (அத்தைக்கு இல்லை.) அப்புறம் பந்தி வந்தது. வரிசைக் கடைசியில் ஆச்சி, முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் ஹாலஜன் லைட். "ஏலே, அந்த லைட்ட அங்குட்டுத் திருப்புல, எலையில என்ன இருக்குன்னே தெரியல!" என்கிறாள். ஆச்சி போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போட்டோ நாலைந்து இருக்கிறது, குரல் இருந்தது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். ஆச்சியைப் பார்த்தே இராத என் மகள் இப்போது வீட்டில் யார் டார்ச் அடித்தாலும் அதே ராகத்தில் "ஏலே" என்கிறாள்.

நடுவர் மணியை எடுத்துவிட்டார். அண்ணே, தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, அந்தக் கேசட்டைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள், சுருளில் வெள்ளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்.